தீர்ப்பு கையில், சல்லி எங்கே? கடன் வழக்கு வென்றவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் பிறகு கல்முனையிலும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் 22 வருடம் கிளாக்காக இருந்தேன். வழக்கு வென்ற அன்று லட்டு வாங்கி வருபவர்கள், ஆறு மாதம் கழித்து அதே கதிரையில் வந்து குந்திக்கொண்டு, "மனே, இன்னும் ஒரு சதம் வரல்ல" என்பார்கள். அவர்கள் கேட்டவற்றை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் வழக்குக் கோப்பைக் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வழக்கில் வென்றுவிட்டேன். கோர்ட்டே காசை வாங்கித் தராதா?

தராது. "இவர் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று சொல்வதோடு நீதிமன்றத்தின் முதல் வேலை முடிந்தது. அதை வசூலிக்க நீங்கள்தான் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். சிறு கோரிக்கைகளுக்கென்று 2022இல் தனி நடைமுறைச் சட்டம் வந்ததும் பலர் வசூலும் சுருக்கமாக முடியும் என்று நினைத்தார்கள். வழக்கு சுருங்கலாம். கொடுக்க வேண்டியவரின் சட்டைப் பையை எந்தச் சட்டமும் நிரப்பாது. வசூலுக்கு இன்றும் அடிப்படை 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைதான்.

பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டால்?

கடன் குடியியல் விவகாரம். பொலிஸ் கூப்பிட்டுக் கதைக்கலாம், வசூலித்துத் தர முடியாது. காசோலை திரும்பியது, ஏமாற்றியது போன்ற கதை இருந்தால் அது வேறு வழக்கு.

அப்படியென்றால் முதல் படி என்ன?

தீர்ப்பாணையை வைத்து நிறைவேற்று எழுத்தாணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் வாயில் அது "றிட் எடுக்கிறது". அதைக் கொண்டு போய் நிறைவேற்றுகிற நீதிமன்ற உத்தியோகத்தர்தான் பிஸ்கல்.

இதில் ஒரு முட்டுக்கட்டை அடிக்கடி வரும். எதிராளி வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ந்த வழக்கு என்றால், தீர்ப்பாணை அவர் கையில் சேர வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அவர் வந்து காரணம் காட்டி வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம். விலாசம் பிழையென்றால் அந்த 14 நாள் தொடங்கவே மாட்டாது. கிராம சேவகரிடம் போய் ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட்ட நாளில் களுவாஞ்சிகுடியில் இருந்தவர் தீர்ப்பு வரும்போது பெண் எடுத்த ஊரில் இருப்பார். நம்ம பக்கத்தில் இது சர்வசாதாரணம்.

தீர்ப்பு வந்து ஒரு வருடம் தாண்டிய பிறகு றிட் கேட்டால், எதிராளிக்கும் அறிவித்தல் போகும். அதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

பிஸ்கல் வீட்டுக்கு வந்தால் எதையெல்லாம் எடுப்பார்?

நீங்கள் நினைப்பதில் பாதி கிடையாது. உடுபுடவை, கட்டில், பாய், படுக்கை, பிழைப்புக்கான கருவிகள், கமக்காரரின் உபகரணங்கள், உழவுக்கு வேண்டிய மாடு ஆகியவற்றைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. கூலியாளின் கூலியிலும் கை வைக்க முடியாது, அரச ஓய்வூதியத்திலும் முடியாது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் ஒரு வீடு. உழவு இயந்திரக் கூலி பாக்கி, 1,40,000 ரூபா. பிஸ்கல் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, நானும் உழவு இயந்திரக்காரரும் பின்னால் போனோம். உழவு இயந்திரக்காரர் கடப்படியிலேயே நின்றுவிட்டார். உத்தியோகத்தர் முதலில் பணத்தைக் கேட்டார், இல்லை என்றார்கள். பிறகு கடதாசியை எடுத்து எழுதத் தொடங்கினார்: பிளாஸ்டிக் கதிரை 4, டிவி 1, இரும்பு அலுமாரி 1, தையல் மெசின் 1, சைக்கிள் 1. வீட்டுக்காரி தையல் மெசினில் கை வைத்துக்கொண்டு, "இது என்ட அம்மா சீதனமாத் தந்தது" என்றா. அலுமாரியும் அப்படித்தான். உள்ளே ஒரு பிள்ளை சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை. கடைசியில் பட்டியலில் மிஞ்சியது டிவியும் கதிரைகளும் ஒரு சைக்கிளும். இடையில் மூத்த மகள் எங்கள் மூன்று பேருக்கும் பிளேன்டீ கொண்டு வந்தாள், கடப்படியில் நின்றவருக்கும் சேர்த்து.

ஏலத்தில் போனதில் செலவு கழிய உழவு இயந்திரக்காரருக்கு வந்தது சில ஆயிரம். அதற்குப் பிறகு என்னிடம் வருபவர்களிடம், அசையும் பொருளைக் கட்டச் சொல்லி, அதாவது கடனுக்காகக் கைப்பற்றச் சொல்லி, ஓடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வீடு மனைவி பெயரில் என்கிறார்கள். இது தப்பிக்கும் தந்திரம்தானே?

பெரும்பாலும் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்கத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்துக்கு முன்பே தாய் தகப்பன் கட்டி எழுதிவிடுவார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். 40 வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தி, கிணறு வெட்டி, மதில் கட்டிய மனிதருக்கு அந்த வீட்டில் சட்டப்படி ஒரு ஓடுகூடச் சொந்தமில்லாமல் இருக்கலாம். கணவனின் கடனுக்கு மனைவியின் சொத்து பொறுப்பில்லை. தீர்ப்பு இருவருக்கும் எதிராக இருந்தால் மட்டும் கதை வேறு.

பிஸ்கல் தவறிக் கட்டினாலும் மனைவி நீதிமன்றத்தில் உரிமைக் கோரிக்கை வைப்பா. உறுதியைக் காட்டினால் பெரும்பாலும் முடிந்தது. கடன் கொடுக்கும்போதே, "வீடு யாரின்ட பேரில?" என்று கேட்டு, அவவையும் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே கடன் கொடுப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

வயல் காணி இருக்கிறதே?

என்ன காணி என்று பாருங்கள். பேமிட் காணி, அளிப்புக் காணி என்றால் மறந்துவிடுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியைக் கடன் தீர்ப்புக்காகக் கட்டவோ விற்கவோ முடியாது. கல்லோயாத் திட்டத்துக் குடியேற்றங்கள் தொடங்கி இந்த இரண்டு மாவட்டங்களிலும் நெல் விளையும் நிலத்தில் கணிசமான பங்கு இந்த வகைதான்.

உறுதிக் காணி என்றால் கட்டலாம். கட்டிய விபரத்தைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் யாருக்கு எழுதினாலும் உங்கள் பிடி போகாது. நான் கண்டவரையில், விற்பதைவிட இந்தப் பதிவுதான் அதிகம் காசு வாங்கித் தந்தது. பேசாமல் இருந்த மனிதர், காணியை ஈடு வைக்க வங்கிக்குப் போன அன்று பதிவைக் கண்டுவிட்டுத் தானாக வந்து கதவைத் தட்டுவார்.

இன்னொன்று. பிரிபடாத பங்கு என்றால் ஏலத்தில் வெளியாள் எவரும் வாங்க வர மாட்டார். ஏழு சகோதரர்களோடு பங்கு கேட்டு நிற்க யாருக்கு மனம் வரும்?

அவரிடம் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கேட்பார்கள், முதலில் கேட்க வேண்டியது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 219ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது: கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து, சத்தியம் செய்வித்து, சொத்தையும் வருமானத்தையும் விசாரிக்கலாம். ஏன் இதை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பசளைக் கடைக்காரர் ஒருவரின் வழக்கு. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து விளைச்சல் விழுந்தபோது கொப்பிக் கடன்கள் நிறையச் சிக்கின. அதில் இது ஒன்று, 1,85,000 ரூபா. கடனாளி கூண்டில் ஏறினார். "தொழில்?" "கூலி, சேர்." "காணி?" "இல்ல, சேர்." நீதிபதி அடுத்த கோப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எங்கள் சட்டத்தரணி எழும்பி, "குத்தகைக்கு ஏதாவது செய்யிறீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மூண்டு ஏக்கர்." "எப்ப வெட்டு?" "மாசி கடைசி." அவ்வளவுதான். மாசிக் கடைசியில் நெல் வரும், அப்போது அந்த ஆள் கையில் காசு இருக்கும், மற்ற மாதங்களில் இருக்காது என்பது நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது.

வீதியில் விசாரித்தாலும் பாதி தெரியும். நெல்லை எந்த மில்லுக்குப் போடுகிறார், சீட்டு எங்கே பிடிக்கிறார், மகன் கட்டாரில் இருந்து அனுப்புகிறானா என்பதெல்லாம் ஊரில் ஒளிந்திருக்காது. அதற்காக இரவில் போய் வீட்டைச் சுற்றி நிற்காதீர்கள். அது வேறு வழக்காகும், அதில் எதிராளி நீங்கள்.

மாதா மாதம் தவணையாகத் தருகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு நீதிமன்றமே கட்டளை போட முடியும், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்தும் பதியலாம். ஆனால் "மாதா மாதம்" என்ற சொல்லில் கவனம். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். கமக்காரருக்குப் பெரும்போகம் வெட்டி ஒன்று, சிறுபோகம் வெட்டி ஒன்று என்று போடுங்கள். கடற்றொழிலாளிக்கு வாடைக் காற்று மாதங்களை விட்டுவிடுங்கள். மேற்சொன்ன பசளை வழக்கில் மாதம் 10,000 என்று போட்டிருந்தால் இரண்டாம் மாதமே தவறியிருக்கும். கடன் தீரும் வரை வருடா வருடம் பங்குனி 10ஆம் திகதிக்குள் 60,000, புரட்டாதி 10ஆம் திகதிக்குள் 40,000 என்று போட்டார்கள். ஒரு முறை பிந்தியது, ஆனால் முடிந்தது.

தவணை தவறினால் மிச்சம் முழுவதற்கும் றிட் எடுக்கலாம் என்ற வரி அந்தக் கட்டளையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணைக்கும் நடக்க வேண்டி வரும்.

கையில் வாங்கும் காசுக்கு ரசீது கொடுங்கள், நீதிமன்றத்துக்கும் தெரியப்படுத்துங்கள். வெளியே வாங்கியதைக் கோப்பில் பதியாமல் விட்டு, பிறகு "தந்தன்" "தரல்ல" என்று சண்டை பிடித்த மாமன் மருமகனையே கண்டிருக்கிறேன்.

வட்டி ஏறிக்கொண்டே போகுமா?

ஒரு எல்லை இருக்கிறது. நம் சட்டப்படி சேர்ந்த வட்டி முதலைத் தாண்டக் கூடாது. ஒரு லட்சம் கொடுத்துவிட்டு மூன்று லட்சம் வட்டி கேட்பவரின் கணக்கு கோர்ட்டில் நிற்காது.

வங்கிக் கணக்கு, ஓட்டோ இதெல்லாம் பிடிக்கலாமா?

வங்கியில் கிடக்கும் பணத்தை அறிவித்தல் அனுப்பித் தடுக்கலாம். எந்த வங்கி, எந்தக் கிளை என்று நீங்கள் சொல்ல வேண்டும். முன்பு அவர் உங்களுக்குத் தந்த காசோலையோ, பணம் போட்ட சீட்டோ வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள். அதேபோல் மூன்றாம் ஆள் அவருக்குக் கொடுக்க வேண்டிய காசையும் தடுக்கலாம்: மில் முதலாளி கொடுக்க வேண்டிய நெல் காசு, கொந்தராத்துக்காரர் கொடுக்க வேண்டிய பாக்கி.

ஓட்டோ என்றால் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். லீசிங்கில் எடுத்தது என்றால் முழு உரிமையாளர் நிதிக் கம்பனி. ஓட்டுகிறவருக்கு அதில் தவணை கட்டும் கடமைதான் இருக்கிறது.

கட்டாவிட்டால் மறியலுக்குப் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருடைய குரலும் கொஞ்சம் தாழும். கோவையில் கைது செய்யும் அத்தியாயம் இருக்கிறதுதான். அது சொத்தை ஒளித்தவர், மோசடியாகக் கைமாற்றியவர், ஓடத் தயாராகிறவர் போன்றவர்களுக்கு. ஒப்பந்தக் கடனைக் கட்ட இயலாத ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையில் வைக்கக் கூடாது என்று குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1980இல் அதில் சேர்ந்தது. அதற்கு மேல் நடைமுறைக் கணக்கு: மறியலில் இருக்கிறவர் வயல் வெட்டப் போக மாட்டார்.

தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் காணியை மச்சானுக்கு எழுதிவிட்டாரே?

அந்த உறுதியை ரத்துச் செய்யக் கேட்டுத் தனி வழக்குப் போடலாம். பவுலியன் வழக்கு என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள், உரோம டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. கடன்காரர்களை ஏமாற்றவே எழுதியது, அதனால் அவர் கையில் கடனடைக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்ட வேண்டும். விலை இல்லாமல் நன்கொடையாக எழுதியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் இலகு. ஆனால் இது இன்னும் சில வருடம். காணியின் பெறுமதி கடனைப் போல் மூன்று மடங்காவது இல்லாவிட்டால் நான் யாரையும் இதில் இறங்கச் சொன்னதில்லை.

அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் கட்ட வேண்டுமா?

தகப்பன் விட்டுப்போன சொத்து அவர்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான். ஒன்றும் வரவில்லையென்றால் ஒன்றுமில்லை. மகன் தானாக வந்து, "வாப்பாட கடன் இருக்கக் கூடாது" என்று கட்டிய இடங்களும் உண்டு, சாய்ந்தமருதுவில் ஒரு குடும்பம் ஞாபகம் வருகிறது. அதை உரிமையாகக் கேட்க முடியாது.

எத்தனை வருடம் காத்திருக்கலாம்?

10 வருடம். தீர்ப்பாணைத் திகதியிலிருந்து, அல்லது இன்ன நாளில் கட்ட வேண்டும் என்று கட்டளை சொன்னால் அந்த நாள் தவறியதிலிருந்து. இன்று வெறுங்கையோடு நிற்கும் 28 வயதுப் பொடியன் ஆறு வருடத்தில் சொந்த வாகனம் வைத்திருப்பான். தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வீட்டு உறுதியோடு வையுங்கள், திகதியைக் கலண்டரில் குறியுங்கள். ஒன்பதரை வருடம் கழித்து ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள், பத்தரை வருடம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களுக்கு நாங்கள் பிளேன்டீ கொடுத்து அனுப்பினோம்.

நானேதான் அந்தக் கடனாளி. இதையெல்லாம் வாசிக்கப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியது அழைப்பாணையை வாங்காமல் ஒளிவதற்குத்தான். கோர்ட்டுக்கு வாருங்கள். வருமானம் எவ்வளவு, எந்த மாதத்தில், எத்தனை வாய்க்குச் சோறு என்று உள்ளதைச் சொல்லித் தவணை கேளுங்கள். கேட்ட தவணையைக் கட்டக்கூடியதாகக் கேளுங்கள், வெட்கத்தில் பெரிய தொகை சொல்லிவிட்டு முதலாம் மாதமே தவறாதீர்கள். கட்டியதற்கு ரசீது இல்லாமல் போகாதீர்கள். வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்கு வழியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாக எடுத்து நடத்துவார்கள்.

இன்னும் வழக்கே போடவில்லை. ஏதாவது சொல்ல இருக்கிறதா?

காலம். கடையில் கடனுக்குக் கொடுத்த சாமான், கொப்பிக் கணக்கு என்றால் ஒரு வருடம்தான். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் 3 வருடம், எழுத்து ஒப்பந்தம் 6 வருடம். நம் கடைக்காரர்களில் பலர் அந்த ஒரு வருடத்தை மரியாதைக்காகவே கடத்திவிடுவார்கள். கேட்க வெட்கம் என்றால், பாக்கித் தொகையை எழுதி ஒரு கையெழுத்தாவது வாங்குங்கள், காலக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகும்.

சிறிய தொகை என்றால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபை. இணக்க சபை என்றுதான் இன்றும் ஊரில் சொல்கிறோம். எந்தத் தொகை வரை அங்கே போக வேண்டும் என்பதைச் சட்டம் பல தடவை உயர்த்தியிருக்கிறது. 1988இல் தொடங்கும்போது 25,000 ரூபா. போகும் நாளில் இருக்கும் எல்லையைச் சபையிலேயே கேளுங்கள். அங்கே சரிவராவிட்டால் தரும் சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டில் வழக்கை எடுக்க மாட்டார்கள். வக்கீல் வாதம் இல்லாமல் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் இருக்கும் இடம் அது ஒன்றுதான், அவசரப்பட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

எல்லாம் கேட்டாயிற்று. விட்டுவிடலாமா?

ஒரு கடதாசியில் எழுதுங்கள்: இதுவரை சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் போனது, இனிப் போவது, அவர் கையில் உண்மையாக இருப்பது. கடனை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது போனது போனதுதான். இனிச் செலவழிக்கும் 20,000 ரூபாவுக்கு 20,000 ரூபாவுக்கு மேல் திரும்பி வருமா என்பது மட்டும்தான் கேள்வி. வராது என்றால் றிட்டைக் கட்டி வைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு முறை விசாரியுங்கள்.

முழுக்க வாங்கிவிட்டேன். இனி வேலை இல்லைத்தானே?

இருக்கிறது. கடன் தீர்ந்தது என்று நீதிமன்றத்தில் பதிவிக்க வேண்டும். காணியைக் கட்டியிருந்தால் காணிப் பதிவகத்தில் இருக்கும் அந்தப் பதிவை நீக்க வேண்டும். இதை ஒருவரும் செய்வதில்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு தகப்பன் கடனைக் கடைசிச் சதம் வரை கட்டி ஐந்து வருடம் கழிந்து, மகளுக்குச் சீதன உறுதி எழுத நொத்தாரிசிடம் போனார். பதிவேட்டில் பழைய கட்டு அப்படியே கிடந்தது. கலியாணத்துக்கு 12 நாள். காசு வாங்கிய முதலாளி அப்போது மக்காவில்.